பூண்டுப் பரணும் முதல் பஸ்ஸும்

ஜனவரி 6, பூம்பாறை

விதைப்பூண்டு எடுக்கப் பரணில் ஏறினேன். அடுப்புப் புகை படியத் தொங்கும் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் பை. பிரித்தால் காலி மாத்திரை அட்டைகள், ஓர் ஊசி. டாபென்டடால், போதையும் தரும் கடுமையான வலி மாத்திரை. லோடு ஏற்றிப் போகும் தம்பிக்கு இடுப்பு வலி என்றுதான் இது ஆரம்பித்தது. விழுங்கிக்கொண்டிருந்ததை இப்போது கரைத்து நரம்பில் ஏற்றுகிறான்.

ஜனவரி 8

"இனிமே தொட மாட்டேன்க்கா" என்று நேற்றுக் காலை நிறுத்தினான். சாயங்காலமே கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை. இன்று வயிற்றுப்போக்கு வேறு. வெளியே உறைபனி, இவனுக்குச் சட்டை நனைய வியர்க்கிறது. கையைத் தொட்டால் மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கிறது. அம்மா சளிக்காய்ச்சல் என்று மிளகு ரசம் வைத்தாள். அப்புறம்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா, குடிக்குக் கட்டுவதுபோலக் கோயிலில் கயிறு கட்டச் சொன்னார். கட்டட்டும், ஆனால் மருந்தும் வேண்டும்.

ராத்திரி 14446-க்குப் போன் போட்டேன். போதைக்கான அரசு உதவி எண், காசு கிடையாது. திட்டாமல் பேசினார்கள்.

ஜனவரி 9

முதல் பஸ்ஸில் கொடைக்கானல், அங்கிருந்து வத்தலக்குண்டு. அந்த மலைப்பாதை ஐம்பது கிலோமீட்டர் வரும். ஒவ்வொரு வளைவிலும் பாலித்தீன் பையில் வாந்தி எடுத்தான். பின் சீட்டுக்காரர் முகம் சுளித்தார். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி.

போதையை நிறுத்தும்போது வரும் இந்த அவஸ்தையை அடக்கும் புப்ரெனார்பின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, "கரையிற வரைக்கும் விழுங்காதே, பேசாதே" என்றார் டாக்டர். ஒரு மணி நேரத்தில் காலின் உதறல் அடங்கியது. மூன்று நாளில் முதல் தடவையாகத் தம்பி டீ கேட்டான். ஆனால் ஆரம்பத்தில் தினமும் வர வேண்டுமாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நிறுத்தின உடம்பு பழைய அளவைத் தாங்காது, திரும்ப அதே அளவு போட்டா மூச்சே நின்னுடும்" என்றார். இன்னும் கை நடுங்குகிறது.

தினமும் எப்படி இறங்கி ஏறுவது? பஸ் காசு ஒரு பக்கம், அவன் கூலி போகும், என் கூலியும் போகும். காய்ச்சல் மாத்திரைபோல இதுவும் மலையிலேயே கிடைக்க வேண்டும். எங்களுக்கு வத்தலக்குண்டில் அத்தை இருக்கிறார், அங்கே தங்க வைத்துவிட்டேன். அத்தை இல்லாத பையன்கள் மலைக்கு மேலே எத்தனை பேரோ.

ஜனவரி 15

பொங்கலுக்கு அவன் வரவில்லை. போனில் கேட்டான்: "பரண்ல இருந்த விதைய ஊனிட்டியாக்கா?"

"பாதிதான் ஊனியிருக்கேன். மீதிய உனக்கு வச்சிருக்கேன்" என்றேன்.