விடுதிக்கு வசூல் போன கதை

எங்கள் கல்லூரியில் பெண்கள் விடுதிக்கு இன்னொரு கட்டடம் வேண்டும், 3 கோடி ஆகும், தொழில் செய்கிற பழைய மாணவர்கள் ஐந்து பேர் முன்னால் நின்று திரட்டித் தர வேண்டும் என்று முதல்வர் கூப்பிட்டுச் சொன்னது 2023 கடைசியில். ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். கோவை கணபதியில் பம்ப் உதிரி பாகங்களுக்குக் கடைசல் போடும் சின்னப் பட்டறை என்னுடையது, 14 பேர் வேலை செய்கிறார்கள். நூற்பாலை நடத்தும் சீனியர் அண்ணா, கட்டட கான்ட்ராக்டர், பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருப்பவர், ஜவுளி மெஷின் ஏஜென்சிக்காரர் என்று மற்ற நால்வரும் பெரிய கைகள். என்னை ஏன் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று பேர் அறையில் ஐந்து பேராகப் படுத்து அதே விடுதியில் நான்கு வருடம் ஓட்டியவள் நான். போட்டோவில் ஒரு பெண்ணும் வேண்டுமல்லவா?

முதல் கூட்டத்தில் இட்லி, வடை, காபி எல்லாம் நன்றாக இருந்தது. எல்லோரும் ‘செஞ்சுடலாம்ங்க’ என்றார்கள். தொகை மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி அந்த வருடம்தான் தான் படித்த ஐஐடி பம்பாய்க்கு 315 கோடி கொடுத்திருந்தார். பெங்களூர்க்காரர் அதையே மூன்று முறை சொன்னார். சீனியர் அண்ணா கடைசியில், “அது இருக்கட்டும்ப்பா. நம்ம ஊர்லயே பி.எஸ்.ஜி. காலேஜ் குடும்பத்துல 1926-ல சொத்தை அஞ்சாப் பிரிச்சு, நாலு மகன்களுக்குப் போக அஞ்சாவது பங்கை தர்மத்துக்கு எழுதி வெச்சாங்க. நாம அஞ்சு பேரும் முதல்ல ஆளுக்கு ஒண்ணு எழுதுவோம். எழுதாதவன் போய்க் கேட்டா எவன் குடுப்பான்?” என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அவர் 25 லட்சம் எழுதினார். நான் இரண்டு என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். தாள் என்னிடம் வந்தபோது கை தானாக 5 போட்டுவிட்டது. வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை.

வெளியே அறிவிக்காமலே முதல் மூன்று மாதம் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்டோம். ஒரு கோடியாவது உறுதியான பிறகுதான் எல்லோருக்கும் சொல்வது என்று ஏற்பாடு. இதில் அண்ணா பிடிவாதமாக நின்றது நல்லதாகப் போயிற்று. காலியான உண்டியலில் முதல் காசு போட யாருக்கும் கை வராது.

நான் பாக்கி வசூலில் தேறினவள். சிறு தொழில்காரர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் எனக்கு 90 நாளுக்கு முன்னால் கொடுத்த கம்பெனியை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்தப் பழக்கத்தில் இதுவும் சுலபம் என்று நினைத்துவிட்டேன். பாக்கி கேட்கும்போது என் சரக்கு அவனிடம் இருக்கிறது, கேட்கிற குரலிலும் அது இருக்கும். இங்கே கையில் ஒன்றும் இல்லை. ஒரு மில் ஆபீசில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ இரண்டு முறை வந்தது. உள்ளே போனதும் அவர் கேட்டது: “என் பொண்ணுக்கு மேனேஜ்மெண்ட் சீட் ஆகுமாங்க அம்மிணி?” அது என் கையில் இல்லை, இருந்தாலும் இதோடு சேர்க்க மாட்டேன் என்றேன். டீக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தோம். மொய் நோட்டு மாதிரி, யார் எவ்வளவு என்று பட்டியல் போட்டு பேட்ச் வாட்ஸப் குரூப்பில் தினமும் ராத்திரி ஏற்றினோம். யோசனை என்னுடையதுதான். கல்யாண வீட்டில் மைக்கில் வாசித்தால் அடுத்த ஆள் கூட்டி எழுதுவான் என்ற கணக்கு. மொய் என்பது திரும்பி வரும் பணம் என்பதை மறந்துவிட்டேன். ஒரே ராத்திரியில் 11 பேர் குரூப்பை விட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி என் ரூம்மேட். மறுநாள் போன் செய்தபோது, “பத்தாயிரம் குடுக்கலாம்னு இருந்தேன்டி, அந்த லிஸ்ட்ல அதை எங்க போய் எழுதறது?” என்றாள். அன்றைக்கே தொகையை எடுத்துவிட்டு அகர வரிசையில் பேர் மட்டும் போட்டோம்.

இனி இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் காகிதக் கதை. எங்கள் நோட்டீசில் ‘80ஜி வரிச் சலுகை உண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். ஆடிட்டர் பார்த்துச் சிரித்தார். புதிய வருமான வரி முறையில் நன்கொடைக்கான 80ஜி கழிவு கிடையாது. 2023-24 முதல் நாமாக வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அந்த முறைதான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மாறியிருந்தார்கள். பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. கொடுத்தவர்களின் பான் எண்ணோடு மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு 10பிடி என்ற நன்கொடைக் கணக்குப் படிவம் ஏற்ற வேண்டியிருந்தது, அதிலிருந்துதான் கொடுத்தவர்கள் கழிவு கேட்க 10பிஇ சான்றிதழ் வரும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். நாங்கள் நான்கு பான் எண்களைத் தப்பாக அடித்துவிட்டோம். ஜூலையில் அந்த நான்கு பேரும் என் நம்பரைத்தான் கூப்பிட்டார்கள்.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவழிக்கும் பணம், மலைபோல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிதான் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கக் கடமைப்பட்டது. எங்கள் பேட்ச்சில் அப்படி இரண்டே இரண்டு பேர். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பணத்தை வாங்கும் அமைப்புக்கு வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்கிறதா? பழைய மாணவர் சங்கத்திடம் இல்லை. அடுத்த கேள்வி, கட்டடம் யார் பேரில் இருக்கும்? நிலம் கல்லூரி டிரஸ்டுடையது. சங்கம், டிரஸ்ட், கம்பெனி மூன்றுக்கும் நடுவே ஒப்பந்தம் எழுதி முடிக்க ஏழு மாதம் ஓடியது.

அமெரிக்கக் கதை தனி. அங்கே இருப்பவர்களில் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சம்பாத்தியத்திலிருந்து அனுப்புவதில் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். எங்களுக்கு இல்லை. “எங்கப்பா பொள்ளாச்சியில இருக்கார், அவர் அக்கவுண்ட்டுக்கு அனுப்பிடறேன், அவர் குடுக்கட்டும்” என்றான் ஒருவன். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “வேண்டாங்க. சுத்தி வந்தாலும் அது அதே பணந்தான்.” நல்ல தொகை, விட்டுவிட்டோம். அவன் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எழுதிக் கொடுத்தது 3 கோடியே 10 லட்சம். கணக்குக்கு வந்தது 2 கோடியே 30. தரைத்தளமும் முதல் தளமும் ஆகிவிட்டன. முதல் தளத்துக் கூரைக் கான்கிரீட் போட்ட அன்று காலை ஆறரைக்கே போய்விட்டேன். கலவை இயந்திரச் சத்தத்தில் மாணவிகள் எல்லோரும் பழைய கட்டட வராந்தாவில் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். கான்ட்ராக்டர் தன் பங்கை அப்படியே கூலியில் கழித்துவிட்டார், அந்த மனிதரைக் குறை சொல்லக் கூடாது. இரண்டாம் தளத்துக்காகத் தூண் தலைகளில் விட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மழையில் துருப்பிடிக்காமல் இருக்க சிமெண்ட் பால் அடித்து வைத்திருக்கிறார்.

பாக்கிக்காரர்கள் ஒன்பது பேர். மாதா மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட கையோடு அந்த ஒன்பது நம்பரையும் கூப்பிடுகிறேன். போன மாதம் ஒருவர் எடுத்ததுமே, “அக்கா, ஞாபகம் இருக்குங்க, தீபாவளி கழியட்டும்” என்றார். எந்தத் தீபாவளி என்று கேட்டேன்.