கலே மு அந்த்ரொப்பே

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் பள்ளியை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பெரிய கூட்டம் கிரேக்கக் கப்பல்களுக்குப் போனது. இந்த மலரை இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பிரித்துப் படிக்கும் பலர் பிரேயுஸ் துறைமுகத்தில் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறியவர்கள்தான். ‘கலிமேரா’ (காலை வணக்கம்), ‘எஃப்காரிஸ்தோ’ (நன்றி) இரண்டுக்கும் அடுத்தபடியாகக் காதில் பதிந்த கிரேக்கம் எது என்று அவர்களைக் கேட்டால், ‘கலே மு அந்த்ரொப்பே’ என்பார்கள். ‘என் நல்ல மனுசா’ என்று பொருள். கப்பல் மெஸ்ஸில் வீடியோ கசெற் ஓடும்போது, திரையில் ஒரு வழுக்கைத்தலை மனிதர் வியர்க்க விறுவிறுக்க ஓடியபடியே அதைச் சொல்லுவார். கிரேக்க மாலுமிகள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். மொழி விளங்காத நம்மவர்களும் சிரிப்பார்கள். அவர்தான் கிரேக்க நகைச்சுவை நடிகர் தனாசிஸ் வெங்கோஸ்.

மொழி தெரியாமலே சிரிப்பு வந்ததற்குக் காரணம் அவர் தொழில் கற்ற விதம். அதைத் தெரிந்துகொண்டு அந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தால், அப்போது கண்ணில் படாத பலதும் படும்.

அவர் பிறந்ததும் பிரேயுஸில்தான்: 1927 மே 29, நியோ ஃபாலிரோ. பிரேயுஸிலிருந்து ஏதென்ஸுக்குப் போகும் மின்ரயிலில் முதல் தரிப்பிடம் அது. கப்பல்காரர்கள் எத்தனையோ தடவை கடந்துபோன இடம். தகப்பனார் மின்சாரக் கம்பனி ஊழியர். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களோடு நின்றவர். போர் முடிந்ததும் அதற்காகவே வேலையை இழந்தார். மகனையும் அந்த முத்திரை விடவில்லை. 1948 முதல் 1950 வரை இராணுவ சேவைக் காலத்தை வெங்கோஸ் மக்ரோனிசோஸில் கழித்தார். லவ்ரியோ துறைக்கு எதிரே கிடக்கும் வரண்ட கற்தீவு அது. இடதுசாரிச் சந்தேகத்துக்கு உள்ளானவர்களை உள்நாட்டுப் போர்க் காலத்தில் அங்கேதான் அடைத்து ‘திருத்தினார்கள்’. அங்கேயே இன்னொரு கைதியான நிக்கோஸ் குந்துரோஸ் என்ற இளைஞரோடு பழக்கம் ஏற்பட்டது. பின்னாளில் கிரேக்க சினிமாவின் பெரிய இயக்குநர்களில் ஒருவரானவர் அவர். 1954இல் தன் முதல் படமான ‘மாய நகர’த்தில் வெங்கோஸுக்கு ஒரு சிறு வேடம் கொடுத்தார், 1956இல் ‘ஓ திராக்கோஸ்’ படத்திலும் சேர்த்துக்கொண்டார்.

நடிப்புப் பள்ளி எதிலும் அவர் படித்ததில்லை. அக்காலக் கிரேக்கத்தில் நடிகர் வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பிற்பாடு அதை ‘விசேட திறமை’ என்ற பிரிவில் பெற்றார். அதுவரை அவருக்குச் சோறு போட்டது படப்பிடிப்புத் தளத்தில் பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்த வேலையைப் பலர் அவருடைய வரலாற்றில் ஒரு வரியோடு தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் அவருடைய பள்ளிக்கூடமே அதுதான்.

பொருட்களுக்குப் பொறுப்பானவர் காட்சி காட்சியாகப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். ஒரு காட்சியில் பாண் துண்டு பாதி கடிபட்டிருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கமரா மறுபடி ஓடும்போதும் அதே அளவில் கடிபட்டிருக்க வேண்டும். கோப்பை உடையும் காட்சி என்றால் ஒரே மாதிரியாக நாலைந்து கோப்பை தயாராக இருக்க வேண்டும்; முதல் தடவையே எல்லாம் சரியாக வரும் என்று நம்பினால் அன்றைய வேலை நின்றுபோகும். கதிரைக்கால் எவ்வளவு பாரம் தாங்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஏணி எங்கே வழுக்கும் என்பதையெல்லாம் கைதான் கற்றுக்கொள்ளும். வருடக்கணக்காக அப்படிக் கைபட்டு வந்த மனிதர் கமராவுக்கு முன்னால் வந்தபோது, பொருட்கள் அவரோடு சேர்ந்து நடித்தன. அவர் படங்களில் ஒரு தட்டு விழுவதைக் கவனியுங்கள். விழுவதற்கு முன்னாலேயே அவருடைய கண் அதைப் பார்த்துவிடும். கால் வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கும். கை இரண்டுக்கும் நடுவில் தவிக்கும். சிரிப்பு அந்தத் தவிப்பில் பிறக்கிறது.

1962இல் ரொவிரோஸ் மந்துலிஸ் இயக்கிய ‘கையைத் தூக்கு ஹிட்லர்’. ஆக்கிரமிப்புக் கால ஏதென்ஸில் பசியோடு அலையும் இரு நண்பர்களின் கதை. கூட நடித்தவர் வசிலிஸ் தியமந்தோபுலோஸ். அடுத்த வருடம் ‘பொலிதெக்னீதிஸ் கே எரிமோஸ்பீதிஸ்’. பல தொழில் தெரிந்தவன் வீடு பாழ் என்ற கிரேக்கப் பழமொழிதான் தலைப்பு. ஒரு வேலை, அதில் ஒரு குழப்பம், துரத்தல், அடுத்த வேலை என்று போகும் கதை. வெங்கோஸ் என்ற பாத்திரம் இங்கே முழுதாக உருவாகிவிட்டது. 1966இல் வந்த படத்தின் பெயரே ‘பாப்பாத்ரேகாஸ்’. ‘த்ரேகோ’ என்றால் ஓடுகிறேன். 1970இல் ‘எல்லா வேலைக்கும் ஒரு வெங்கோஸ்’. இன்றைக்கும் கிரேக்கர் அலுவல் தலைக்குமேல் போனால் ‘வெங்கோஸ் மாதிரி ஓடுகிறேன்’ என்றுதான் சொல்லுகிறார்கள். படம் ஒன்றைக்கூடப் பார்க்காத பிள்ளைகளும் அதைச் சொல்லுவதுண்டு.

அந்த ஓட்டத்தைப் போலச் செய்ய முயன்றவர்கள் தோற்ற இடத்தைப் பார்த்தால் அதன் சூட்சுமம் விளங்கும். காரணமில்லாமல் வெங்கோஸ் ஓடுவதில்லை. கையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய பொருள் இருக்கும், அல்லது வேலைக்கு நேரம் பிந்தியிருக்கும், அல்லது செய்யாத குற்றத்துக்குப் பின்னால் ஆள் வரும். போலச் செய்தவர்கள் வெறுமனே ஓடினார்கள். அடுத்தது சட்டகம், அதாவது திரையில் எவ்வளவு தெரிகிறது என்பது. ஓடும் மனிதனின் முகத்தை மட்டும் அண்மையில் காட்டினால் அது பதற்றம்; தலை முதல் கால் வரை, முன்னால் வரப்போகும் தடையையும் சேர்த்துக் காட்டினால்தான் அது நகைச்சுவை. தடை அவருக்குத் தெரியுமுன் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று வேகம். சினிமா விநாடிக்கு 24 சட்டகமாக, அதாவது 24 தனிப்படமாக, ஓடுகிறது. படம் பிடிக்கும்போது 16 சட்டகமாகக் குறைத்தால், திரையில் அசைவு ஒன்றரை மடங்கு விரையும். மலிவான வழி அது. ஆனால் மனிதன் பொம்மையாகிவிடுவான், விழுந்தாலும் நோகாது. வெங்கோஸ் விழுந்தால் நமக்கு நோகும். மாற்று ஆள் வைக்காமல் தானே பாய்ந்து தானே விழுந்தவர் அவர். காயங்களும் அவருடையவையே.

இவ்வளவு ஓட்டத்துக்குள்ளும் அவர் மரியாதையை விட்டதில்லை. கன்னத்தில் அறைகிறவனையும் ‘என் நல்ல மனுசா’ என்றே கூப்பிடுவார். கிராமத்தை விட்டு ஏதென்ஸுக்கு வந்து, கட்டிக்கொண்டே போன மாடிவீடுகளுக்கு நடுவே இரண்டு வேலை செய்து பிழைத்த ஒரு தலைமுறைக்கு அவர் சொந்தக்காரரானது இதனால்தான். கோடைக்காலத் திறந்தவெளித் தியேட்டர்களில், சரளைக்கல் தரையில், மல்லிகை வாசத்துக்கு நடுவே, வெள்ளை அடித்த சுவரில் அவரைப் பார்த்தவர்கள் அவரைக் குடும்பப் பெயரால் அழைக்கவில்லை. ‘தனாசிஸ்’ என்றார்கள். படத்தலைப்புகளும் பிறகு அப்படியே வந்தன.

அறுபதுகளின் நடுவில் சொந்தக் கம்பனி தொடங்கினார்: ‘தூ-வூ, சிரிப்புப் படங்கள்’. கிரேக்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல் படம் வந்த காலம் அது. 1967இல் ‘வெளிப்படை உளவாளி 000’. உளவாளி என்றால் மறைந்திருக்க வேண்டும். இவரோ எல்லாருக்கும் தெரிந்த உளவாளி. 1969இல் அதன் தொடர்ச்சியாக ‘தூ-வூ வழுக்கை உளவாளி’. தன் பெயரின் முதலெழுத்துகளையே உளவாளிக்குச் சூட்டினார். இரண்டிலும் இயக்கமும் அவரே. இன்று இவற்றைப் பார்க்கிறவர்கள் கதை தளர்வதாகக் குறை சொல்லுவார்கள். உண்மைதான், கதை தளர்கிறது. ஆனால் ஒவ்வொரு சிரிப்பும் தனித்தனியே இழைக்கப்பட்டிருக்கிறது. அந்த இழைப்புத்தான் கம்பனியை விழுத்தியது. ஒரு விழுகையை மறுபடி எடுக்க வேண்டுமென்றால் உடைந்த பொருளைத் திரும்ப வாங்க வேண்டும், பிலிம் சுருள் இன்னும் செலவாகும், கூலி இன்னொரு நாளுக்கு ஏறும். ஒரு படத்தின் வசூலில் அடுத்ததை எடுக்கும் சிறு தயாரிப்பாளருக்கு அது தாங்காது. கடன் அவரை விழுங்கியது. பிறகு மற்றவர்களின் தயாரிப்பில் கூலிக்கு நடித்தார்.

அந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான் மிகச்சிறந்த படம் வந்தது. ஒளிப்பதிவிலும் படத்தொகுப்பிலும் தேர்ந்த தீனோஸ் கட்சுரீதிஸ் 1971இல் இயக்கிய ‘போரில் நீ என்ன செய்தாய் தனாசி’. ஆக்கிரமிப்புக் காலம், கறுப்பு வெள்ளை, பசி. 1941–42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பட்டினியால் செத்ததை நேரில் கண்ட தலைமுறை அப்போதும் தியேட்டரில் இருந்தது. படம் வந்தபோதோ நாட்டை இராணுவ அதிகாரிகள் ஆண்டார்கள். திரையில் இத்தாலியனும் ஜெர்மனியனும் மிரட்டும்போது, பார்த்தவர்கள் யாரை நினைத்தார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. தெசலோனிக்கி விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. சர்வாதிகாரம் 1974இல் விழுந்தபின், 1976இல் கட்சுரீதிஸோடு ‘கன்னத்தறைகளின் நாட்டில் தனாசிஸ்’. இம்முறை அந்த ஏழு வருடங்களையே நேரடியாகப் பேசினார்கள்.

தொலைக்காட்சி வந்து தியேட்டர்களைக் காலியாக்கியது. ஆனால் அதே தொலைக்காட்சிதான் அவருடைய பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டு அடுத்த தலைமுறைக்கும் கொண்டுபோனது. நம்மவர்களுக்குக் கப்பல் மெஸ்ஸில் கிடைத்த கசெற்றுகளும் அந்த அலையில் வந்தவையே.

முதுமையில் பெரிய இயக்குநர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பந்தெலிஸ் வுல்காரிஸ் 1991இல் ‘ஓகஸ்ட்டின் அமைதியான நாட்கள்’ படத்தில், நகரமே விடுமுறைக்குப் போய்விட்ட ஏதென்ஸில் மிஞ்சும் தனிமனிதர்களில் ஒருவராக அவரை வைத்தார். 1998இல் ‘எல்லாம் ஒரு பாதை’யில் எவ்ரோஸ் கழிமுகத்தில் பறவைகளைக் காக்கும் காவலர். எழுபது வயதை ஒட்டி எபிதவுரோஸ் பழங்கால அரங்கிலும், பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்தோபனிஸின் நாடகங்களில் நின்றார். சுமார் 14,000 பேர் அமரக்கூடிய கல்லரங்கு அது.

நம் சங்கத்தின் திரைப்பட மாலைக்கு இவரை எடுப்பதாக இருந்தால் ஒரு யோசனை. உளவாளிப் படங்களில் தொடங்க வேண்டாம். அவற்றின் சொல்விளையாட்டு ஆங்கில எழுத்துரையில் தொலைந்துபோகும். ‘போரில் நீ என்ன செய்தாய் தனாசி’யை முதலில் போடுங்கள். அதற்கு மொழி குறைவாகவே வேண்டும். பசி யாருக்கும் விளங்கும். பக்கங்களை வெட்டித் தொலைக்காட்சிக்கென்று ஒடுக்கிய பிரதிகளைத் தவிருங்கள். சட்டகத்தின் ஓரத்தில்தான் அவர் மோதப்போகும் பொருள் இருக்கும்.

அதன்பிறகு தியோ அங்கெலோபுலோஸ் 1995இல் எடுத்த ‘யுலிஸீஸின் பார்வை’யிலிருந்து ஒரு காட்சி மட்டும் போதும். வெங்கோஸ் டக்சி ஓட்டுநர். ஹார்வி கைட்டல் பயணி. அல்பேனியப் பக்கத்து மலைப்பாதை. பனி வழியை மறிக்கிறது, டக்சி நிற்கிறது. கிரேக்க நாடு செத்துக்கொண்டிருக்கிறது என்று வெங்கோஸ் சொல்லுகிறார். பிறகு வெளியே போய், வெறும் பனிவெளியைப் பார்த்து, நீயும் தனி நானும் தனி என்று கூப்பிட்டு, ஒரு பிஸ்கற்றை எறிகிறார். ஓட்டம் இல்லை, விழுகை இல்லை.

கடைசிப் படம் 2009இல் வுல்காரிஸோடு: ‘ப்சிகி வாத்தியா’. இளைஞராக அவரைக் கற்தீவுக்கு அனுப்பிய அந்த உள்நாட்டுப் போர்தான் கதை. அதில் அவருக்கு ஒரு சிறு வேடம். 2011 மே 3 அன்று ஏதென்ஸில் இறந்தார். இன்னும் 26 நாள் இருந்திருந்தால் 84 வயது.