பின் கார்டில் என் கையெழுத்து

எங்கள் நூல் மில் திவாலாகிக் கலைப்புக்குப் போனதும், அதன் சொத்தை விற்றுப் பாக்கிகளைத் தீர்க்கும் லிக்விடேட்டர் பேப்பரில் அறிவிப்பு கொடுத்தார். பாக்கி இருப்பவர்கள் 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு ‘இ’ படிவம். மாதம் 18,200 வீதம் ஒன்பது மாதச் சம்பளம், 1,63,800 ரூபாய் என்று எழுதி அனுப்பினேன்.

மின்னஞ்சலில் பதில் வந்தது. தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மனுஷன் நல்லவர் என்றுதான் நினைத்தேன். எங்கள் சங்கத்து அண்ணன்தான் என் பெயருக்கு எதிரே இருந்த வார்த்தையைக் காட்டினார். ‘தொழிலாளி’ இல்லை, ‘ஊழியர்’.

“இந்த வரிசையில நின்னா ஒண்ணும் கைக்கு வராதுங்க தம்பி.”

திவால் சட்டத்தின் 53-வது பிரிவு சொத்து விற்ற பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று சொல்கிறது. கலைப்புச் செலவு போக, தொழிலாளியின் கடைசி 24 மாதச் சம்பளப் பாக்கியும் அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கியின் கடனும் ஒரே வரிசையில் நிற்கும். ஊழியரின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்த படி. எங்கள் மில்லில் வங்கிக் கடன் கழுத்து வரை. அடுத்த படிக்குச் சொட்டுகூட இறங்காது.

என் பதவி ‘ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர்’. சம்பள உயர்வு கேட்டபோது காசுக்குப் பதிலாகக் கொடுத்த பட்டம் அது! மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 10,000-க்கு மேல் வாங்குபவர் அன்றைய சட்டப்படி தொழிலாளி இல்லை. ஆனால் பார்க்க வேண்டியது செய்த வேலையை, பதவிப் பெயரை அல்ல.

லிக்விடேட்டர் மீது திவால் வாரியத்தில் புகார் கொடுக்கச் சிலர் சொன்னார்கள். 2,500 ரூபாய் கட்டணம். அவர்மேல் நடவடிக்கை வரலாம், என் வரிசை மாறாதே. 42-வது பிரிவில் மேல்முறையீடுதான் வழி. முடிவு கைக்கு வந்த 14 நாளுக்குள் போட வேண்டும். நான் மெயிலைத் திறந்ததே ஐந்தாம் நாள். பன்னிரண்டாம் நாள் போட்டோம்.

சாட்சி வேண்டுமே. சீல் வைத்த ஸ்டோருக்குள் போக லிக்விடேட்டரிடமே எழுதிக் கேட்டேன். காவலாளி கூடவர உள்ளே போனால், ரேக்கில் பின் கார்டுகள், அதாவது ஒவ்வொரு சாமானின் வரவு செலவு எழுதும் அட்டைகள், அப்படியே தொங்கின. ரிங் டிராவலர், ஸ்பிண்டில் டேப், பாபின் என்று நூற்பு மெஷின் சாமான் எல்லாம் எண்ணி எடுத்துக் கொடுத்தது நான். கார்டு முழுக்க என் எழுத்து. எனக்குக் கீழே ஓர் ஆள் கிடையாது. செல்போனில் 140 படம் எடுத்தேன்.

சென்னை ராஜாஜி சாலையில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். கோவையிலிருந்து நான்கு முறை போனேன்; மூன்று முறை வாய்தா மட்டும்தான். நான்காம் முறை எங்கள் வக்கீல் லிக்விடேட்டரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். 2019-இல் உச்ச நீதிமன்றம் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் சொன்னதை மட்டும் எடுத்து வைத்தார்: கோரிக்கையின் மேல் லிக்விடேட்டர் எடுக்கும் முடிவு நீதிமன்றத் தீர்மானம் போன்றது. அப்படியானால் காரணம் எங்கே? பதவிப் பெயரைத் தவிர ஒரு வரிகூட இல்லையே?

ஆவணங்களைப் பார்த்து, காரணம் எழுதி, நான்கு வாரத்தில் மறுபடி முடிவு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. லிக்விடேட்டரைக் கண்டித்து ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு அவரே போன் செய்து, “ரிங் டிராவலர்னா என்ன சார்?” என்று கேட்டார். பஞ்சாலையையே பார்க்காத மனுஷன், பாவம். அரை மணி நேரம் விளக்கினேன்.

தொழிலாளி வரிசைக்கு மாறினேன். ரூபாய்க்கு 31 காசு தேறியது. 50,778 ரூபாய் கணக்கில் விழுந்தது.

கிராஜுவிட்டி தனி வழக்கு. அந்தப் பணம் கலைப்புச் சொத்தில் சேராது என்கிறது 36-வது பிரிவு. மில் அதற்கென நிதியே ஒதுக்கி வைக்கவில்லை என்கிறார் லிக்விடேட்டர். அடுத்த வாய்தாவுக்குச் சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. லோயர் பெர்த்.