ஃப்ரீ த்ரோ போடும்போது காலைப் பாருங்கள்

கூடைப்பந்து நடுவராகப் புதிதாக விசில் பிடிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃப்ரீ த்ரோவில், அதாவது யாரும் தடுக்காமல் கோட்டுக்குப் பின்னால் நின்று கூடைக்குப் பந்து போடும் வாய்ப்பில், பந்தைப் பார்க்க அரங்கமே இருக்கிறது. காலைப் பார்க்க நம்மை விட்டால் ஆளில்லை.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி ரீபவுண்டுக்காக, அதாவது விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, கூடைக்கு முன்னுள்ள கட்டத்தின் ஓரத்தில் 5 பேர் நிற்கலாம்: எதிரணியில் 3, போடுபவரின் அணியில் 2. பந்து அவர் கையை விட்டதும் இவர்கள் உள்ளே பாயலாம். போடுபவர் மட்டும் பந்து ரிங்கில் படும்வரையோ கூடைக்குள் விழும்வரையோ முன்னால் இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டைத் தொடக்கூடாது. “கையை விட்டுப் போயிடுச்சே சார்!” என்று அவர் வாதாடுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான். நகத்தளவு கோட்டில் பட்டாலும் தப்பு தப்புதான்; அதற்காகவே ஷூவின் முனையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறோம்.

விசிலில் அவசரம் வேண்டாம். ஓரத்தில் நிற்பவர் முந்திக்கொண்டு நுழைந்தாலும் பந்து கூடைக்குள் விழுந்துவிட்டால் புள்ளி செல்லும், நுழைந்ததைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. போடுபவரே தப்பு செய்தால் மட்டும் விழுந்த புள்ளியும் போச்சு. பந்து விழாமல் எதிரணி முந்தியிருந்தால் இன்னொரு வாய்ப்பு தர வேண்டும்.

வயிற்றைக் கலக்குவது கடைசி ஃப்ரீ த்ரோதான். ஒரு புள்ளி பின்தங்கிய அணி. பந்து ரிங்கில் பட்டுத் தெறிக்கிறது, சக வீரர் எம்பித் தட்டிப் போட்டுவிடுகிறார், பெஞ்சே துள்ளுகிறது. ஆனால் பந்து கையை விடும் முன்பே அவர் கால் உள்ளே இருந்தது. அந்தக் கூடை செல்லாது. ஃப்ரீ த்ரோ கோட்டின் நேரே பக்கக் கோட்டிலிருந்து எதிரணிக்குப் பந்து. அத்தனை பேரும் நம்மேல் பாய்வார்கள். பாயட்டும். அந்தக் கால் வைத்ததால்தான் அவருக்கு அந்த அரை அடி கிடைத்தது. ஒழுங்காகக் காத்து நின்ற எதிராளிக்கு நாம் நியாயம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

இரண்டு அணியும் சேர்ந்தே நுழைந்து, கடைசி வாய்ப்பும் தவறினால், அது ஜம்ப் பால் சூழ்நிலை, அதாவது பந்து யாருக்கு என்று தீராத நிலை. அடுத்த முறை யாருக்கு என்று காட்டும் மேசை அம்புக்குறி யார் பக்கமோ அவர்களுக்குப் பந்து.

போடுவதுபோல் பாசாங்கு காட்டி எதிராளியை உள்ளே இழுப்பவர்களும் உண்டு. அங்கே குற்றம் பாசாங்கு காட்டியவருடையது, ஏமாந்தவரைத் தண்டிக்காதீர்கள். பந்தைப் போட, போடுபவருக்கு இருப்பதே 5 விநாடி, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 10. ஆட்டம் தொடங்கும் முன்பே யார் எந்தப் பக்கக் கால்களைப் பார்ப்பது, யார் விநாடி எண்ணுவது என்று உடன் நிற்கும் நடுவரோடு பேசி முடித்துவிடுங்கள்.