பன்னிரண்டு புள்ளி நாலு

ஏப்ரல் 22, திங்கள். பாகேபள்ளி தாண்டி ஒரு பங்க்

காலையில் வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் சர்க்கரை 146, வண்டிக்குள் இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட். இரண்டும் நல்ல எண். இப்படியே போனால் போதும்.

பங்க் பையன் என் விரல் மையைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் ஓட்டு முடிந்துவிட்டதா என்று தெலுங்கில் கேட்டான். இங்கே வெள்ளிக்கிழமைதானாம்.

வண்டியிலிருக்கும் குளிர்பெட்டி நன்றாகக் குளிர்கிறது. மருந்தை நடுவில் வைத்திருக்கிறேன், பின்சுவரில் படாமல். சுவரை ஒட்டினால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலினை அப்புறம் உருக்கினாலும் குப்பைதான்.

பாப்பா போன் செய்தாள். "ரயில்ல வந்திருந்தா நாளன்னிக்கு இங்க இருந்திருப்பீங்க." தெரியும்.

ஏப்ரல் 23, செவ்வாய். கர்னூல்

12.1.

நேற்றுப் பகல் முழுக்க வெயிலில் ஓடிய வண்டி. மேலே சோலார், கீழே டைனமோ, இரண்டும் ஏற்றியிருக்கிறது. படுக்கும்போது 12.7. ஒரு பெட்டி, ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான் ஓடியது. விடிவதற்குள் பாதிக்கு மேல் எங்கே போயிற்று? 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் கிட்டத்தட்டக் காலி என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். பல் தேய்க்கும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது.

சோலார் வயர் லூஸாக இருக்கும் என்றார். ஏறிப் பார்த்தேன். லூஸ் இல்லை. பேட்டரியே பழசோ என்றேன். "ஆறு மாசம்கூட ஆகலை." அப்புறம் இருவரும் பேசவில்லை.

சித்ரா பௌர்ணமி. துங்கபத்திரையில் பாறைதான் அதிகம், தண்ணீர் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கிறது. நிலா அந்தக் குட்டைகளில் துண்டு துண்டாக. எலுமிச்சை சாதம் கிளறினேன். தயிர் புளித்துவிட்டது. பெட்டி குளிரவில்லையா, அல்லது தயிரே அப்படியா? இதற்குக்கூட இப்போது சந்தேகம் வருகிறது.

ஏப்ரல் 24

12.0. அவர் 188. இருவருக்கும் கோபம்.

ஏப்ரல் 25, வியாழன். அதிலாபாத்

இன்று முழுக்க நகரவில்லை. ஓர் ஆலமரம், ஒரு டீக்கடை, நாங்கள்.

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று பார்க்கச் சொன்னார். சிவப்பு வயரை மீட்டரில் 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்ற வேண்டும். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைக் கோக்க வேண்டும். "கேபிளைக் கழட்டறதுக்கு முன்னாடியே மீட்டரைச் சேத்துப் புடிச்சுக்கோ. அப்புறம் கழட்டு." கட்டில் பலகையைத் தூக்கிவிட்டு, குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்தேன். அவர் மோடாவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பத்தி மூன்று வருஷம் கம்பத்தில் ஏறிய மனுஷன். இப்போது ஒரு திருகை விரலில் வைத்தால் அது இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றுகூட அவருக்குத் தெரிவதில்லை.

1.3 ஆம்பியர். எல்லாம் அணைந்த பிறகு!

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கச் சொன்னார். லைட், ஃபேன், தண்ணீர் மோட்டார், பெட்டி. எதைப் பிடுங்கினாலும் 1.3 தான். வியர்வை கண்ணில் வழிகிறது. அப்போது இடது முழங்கை இன்வெர்ட்டர் மேல் பட்டது. வெதுவெதுப்பு. அணைந்து கிடக்கிற பொருள் எதற்காகச் சூடாக இருக்க வேண்டும்?

அது ஃபியூஸ் பெட்டிக்கு வராமல் நேராகப் பேட்டரியில் மாட்டியிருக்கிறது. முன்பக்க பட்டனைத் தட்டினால் பிளக்கில் கரண்ட் நிற்கிறதே தவிர, உள்ளே அது விழித்துக்கொண்டேதான் இருக்கிறது. மணிக்கு 1.3 என்றால் பத்து மணி நேரத்தில் 13. நூறு ஆம்பியர் பேட்டரியில் 13, சும்மா. வயரைக் கழற்றினேன். மீட்டரில் 0.02.

"பாத்தியா," என்றார். நான்தான் பார்த்தேன்.

டீக்கடைக்காரர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

அவர் 139. பேட்டரி தெரியாது.

சிவப்பு வயரைப் பழைய ஓட்டைக்கு மாற்ற மறந்து, வோல்ட் பார்க்கிறேன் என்று நேராகப் பேட்டரியில் வைத்துவிட்டேன். 10 ஆம்பியர் ஓட்டையில் வயர் இருந்தால் மீட்டர் வெறும் கம்பிதான், பிளஸ்ஸையும் மைனஸையும் கம்பியால் சேர்த்த மாதிரி. படார் என்று நீலப் பொறி. முனை உருகி ஒட்டிக்கொண்டது, உதறிப் பிடுங்கினேன். கை நடுக்கம் நாக்பூர் வரை அடங்கவில்லை.

திட்டுவார் என்று இருந்தேன். பத்துக் கிலோமீட்டர் கழித்து, "நானும் ட்ரெய்னிங்ல ஒண்ணு கருக்கியிருக்கேன்," என்றார்.

எண் இல்லாமல் ஒரு நாள் எவ்வளவு நீளம்.

ஏப்ரல் 27, சனி. நாக்பூர்

சீதாபல்டியில் புது மீட்டர். மஞ்சள் நிறம், பழையதைவிட எழுத்து பெரிது.

காலை 12.4. சந்தோஷமாகப் பெட்டியைத் திறந்தால் செத்துக் கிடக்கிறது. சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது. வோல்ட் குறைவு என்று அர்த்தம். 12.4 எப்படிக் குறைவாகும்?

ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனோம். எனக்கு இந்தி பத்து வார்த்தை. ஆனால் செல்ஃப், ஃபியூஸ், அர்த்திங், டைனமோ எல்லாம் அங்கேயும் அதேதான். ஒரு பாஷையே தெரியாமல் முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். பேட்டரியை மாற்று என்கிறான், மீட்டரைக்கூடத் தொடாமல். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். பக்கத்து மெக்கானிக் டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை இறக்கிவிட்டுக் காசு வாங்கினான்.

ஜன்னல் ஜன்னலாகத் தகரக் கூலர்கள், வெட்டிவேர் வாசம். எங்கள் தெர்மாமீட்டரில் 42. தெருவோரத்தில் ஒரு மண்பானை வாங்கினேன். அடியில் ஈர மணல், மேலே ஈரத்துணி, நடுவில் டப்பாவில் மருந்து. அம்மா வெண்ணெய் வைப்பது போல. இந்தக் காய்ந்த காற்றில் பானை நன்றாகக் குளிர்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு. சிவனி

பெஞ்ச் காட்டுப் பாதை. சாலையைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டிருக்கிறார்கள். புலியும் மானும் கீழே போகுமாம், நாம் மேலே. இரண்டு பக்கமும் உயரமான தடுப்பு, அதனால் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் முழுக்கத் தேக்கு நிழலில் நிறுத்தினோம். நமக்கு நிழல் வேண்டும், சோலாருக்கு வெயில் வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைத்துக் குடித்தனம் பண்ண முடியாது.

இரவு 11.9. ஆறு மணி நேரம் ஓட்டிய பிறகும் 11.9. டைனமோ ஏற்றவே இல்லையா?

"எவ்வளவு?" என்றார் இருட்டில்.

"பன்னெண்டு புள்ளி நாலு."

"பெட்டி சத்தம் வரலையே."

"குளுந்துருச்சுங்க. அதான் நின்னுருச்சு."

பானைத் துணியை மறுபடி நனைத்துவிட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 29, திங்கள். நரசிங்பூருக்கும் சாகருக்கும் நடுவில்

வண்டி நின்றது. கிளப்பினால் நாலு விநாடி ஓடி, பெருமூச்சு விட்டு நிற்கிறது. அப்புறம் அதுவும் இல்லை. செல்ஃப் மட்டும் சுற்றுகிறது. "அடிக்காதே, இந்த பேட்டரியும் போயிரும்." வெயிலில் நாற்பது நிமிஷம். பாப்பாவுக்குப் பிரசவம் மே 12 என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவளே ஒன்பதாம் மாசத்தில் வந்தவள்தானே.

TN 28 என்று ஒரு லாரி வந்து தானாகவே ஓரம் கட்டியது. நாமக்கல். லோடு மோட்டார் பம்ப், கோயம்புத்தூரிலிருந்து. "என்னங்க்கா, ஏர் எடுத்துருச்சா?" இறங்கும்போதே சொல்லிவிட்டார். ஃபில்டர் அடித் திருகை நாக்பூர்க்காரன் சரியாக இறுக்கவில்லை. டீசலோடு காற்றையும் இழுத்திருக்கிறது. கீழே இறுக்கிவிட்டு, மேல் திருகை அரைச் சுற்று தளர்த்தினார். "நீங்க அமுத்துங்க, நான் புடிச்சுக்கறேன்." ஃபில்டர் தலையிலிருக்கும் கை பம்பைக் கட்டை விரலால் அமுக்க அமுக்க, திருகைச் சுற்றிச் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கியது. இருபது, முப்பது அமுக்கு. நுரை மெலிந்து, குமிழி ஒன்றிரண்டாகி, கடைசியில் வெறும் டீசல் தெளிவாக வழிந்தது. பம்ப்பும் கல் மாதிரி கெட்டியானது. இறுக்கியதும் வண்டி ஒரே அடியில் எடுத்துக்கொண்டது.

மிச்சமிருந்த முறுக்கை எல்லாம் கொடுத்தேன். அவர் லாரிக்காரரிடம் கால் மணி நேரம் மூன்று ஃபேஸ் பம்ப் பற்றிப் பேசினார். ஒரு வாரமாக என்னிடம் அவ்வளவு பேசவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய். சாகர்

"முந்தாநேத்து ராத்திரி நீ சொன்னது 12.4 இல்லதானே."

நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"பெட்டி குளுந்து நிக்கறது ஒரு சத்தம். வோல்ட் இல்லாம நிக்கறது வேற சத்தம். சரி, மீட்டரை எடு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தொடோணும்."

பெட்டி ஓடத் தொடங்கும் நேரத்தில் பேட்டரியில் 12.4. அதே நேரத்தில் பெட்டியின் வயரில் 11.3. ஒரு வோல்ட்டுக்கு மேல் நடுவில் யாரோ தின்கிறார்கள். பிளஸ் பக்கம் பார்த்தோம், ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை வண்டியின் பாடியில். இரண்டும் ஒன்றேதான், பூஜ்யம்தான் வர வேண்டும். 0.9.

எர்த்.

சக்கர வளைவுக்குப் பின்னால், கை மட்டும் போகிற இடத்தில் அந்தத் திருகு. உள்வேலை செய்தவர்கள் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். கழற்றினால் வாஷருக்கு அடியில் துரு, மஞ்சள் பொடி போல. பெட்டிக்குப் போகிற கரண்டும் இதன் வழியாகத்தான் திரும்புகிறது, டைனமோ ஏற்றுவதும் இதன் வழியாகத்தான். உப்புத்தாளால் தேய்த்தேன். இரும்பு வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்க்கச் சொன்னார். பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ். மீட்டரில் 0.04.

நான் வெளியே வந்ததும் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தடியில் துரு. எவ்வளவு கண்ணுக்குத் தெரிந்ததோ.

மருந்து பெட்டிக்குத் திரும்பியது. பானையில் இப்போது தண்ணீர்.

மே 1

12.5. அவர் 131. பாப்பாவுக்குக் கால் வீங்குகிறதாம்.

மே 2, வியாழன். லலித்பூர். விடிகாலை 3.20

தண்ணீர் மோட்டார் தானாக ஓடுகிறது. இரண்டு விநாடி, நிற்கிறது, அப்புறம் மறுபடி. குழாய் எல்லாம் மூடித்தான் இருக்கிறது. அவர் கண்ணை மூடியபடியே, "லீக்," என்கிறார். காலடியில் பாய் நனைந்திருக்கிறது. டார்ச்சைக் காணோம்