ரேட்டிங் ஏஜென்சியில் சேரப்போகிறீர்களா? அடிக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள்

நிதித்துறையில் முதல் வேலை, கடன் வாங்கும் நிறுவனங்களுக்குத் தரம் கொடுக்கும் ரேட்டிங் ஏஜென்சியில் கிடைத்தால் தாராளமாகச் சேரலாம். முதலீட்டு வங்கி அளவுக்குச் சம்பளம் வராது. ஆனால் 'வாங்கிய கடனை இவர்களால் கட்ட முடியுமா?' என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டுக் கேட்டே கை பழகிவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் வருவது ஸ்ப்ரெட்டிங். ஆண்டறிக்கை எண்களை ஏஜென்சியின் படிவத்தில் ஏற்றும் வேலை. டேட்டா என்ட்ரிதானே என்று இதை அவசரமாக முடிப்பவர்கள் மொத்த அனலிசிஸையும் கோட்டைவிடுகிறார்கள்.

கடன் 300, எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம்) 100 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு, பரவாயில்லை. அடிக்குறிப்பைப் படித்தால், நலிந்த துணை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்த உத்தரவாதம் 60, குத்தகைப் பொறுப்பு 40. இப்போது கடன் 400, நான்கு மடங்கு. (எபிட்டாவில் வாடகையை ஏற்கெனவே கழித்திருந்தால் திரும்பக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே சுமையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.) எபிட்டா 20 சதவீதம் சரிந்தால் ஐந்து மடங்கு.

அதைவிட முக்கியம் லிக்விடிட்டி, அதாவது கட்ட வேண்டிய நேரத்தில் கையில் பணம் இருப்பது. கையிருப்பு 80 என்கிறது பேலன்ஸ் ஷீட். அதில் 50 வங்கியில் ஈடாக முடங்கிக் கிடக்கிறது. மீதி 30. வட்டி, வரி, மூலதனச் செலவு எல்லாம் போக அடுத்த 12 மாதத்தில் வரப்போவது 35. கட்ட வேண்டிய தவணை 120. ஆக 55 துண்டு விழுகிறது. 'ரீஃபைனான்ஸ் செய்துகொள்வோம்', அதாவது புதுக் கடன் வாங்கிப் பழையதைக் கட்டிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லும். வங்கி கையெழுத்திட்டுக் கொடுத்த கடன் வரம்பு இருக்கிறதா, வங்கி நினைத்தால் அதை ரத்து செய்ய முடியுமா என்று ஒப்பந்தத்தைப் பார்த்தபிறகே நம்புங்கள். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தபோது, எஸ் அண்ட் பி, மூடிஸ், ஃபிட்ச் என்ற மூன்று பெரிய ஏஜென்சிகளும் அதற்கு 'ஏ' வகைத் தரமே வைத்திருந்தன. குறுகிய காலக் கடன் கொடுத்தவர்கள் கையை விரித்ததும் அந்தத் தரம் எதற்கும் உதவவில்லை.

தரத்தை முடிவு செய்வது அனலிஸ்ட் அல்ல, கமிட்டி. உங்கள் பரிந்துரையை அங்கே கேள்விகளால் துளைப்பார்கள். 'பிபிபி மைனஸ்' தருகிறீர்களா, ஒரு படி கீழே 'பிபி பிளஸ்' தருகிறீர்களா என்பது வெறும் ஒரு படி அல்ல. 'பிபிபி மைனஸ்'தான் முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படி. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பத்திரங்களைப் பல ஃபண்டுகள் விதிப்படி வைத்திருக்க முடியாது. அதனால் 'எது நடந்தால் தரத்தைக் குறைப்பேன்' என்பதை எண்ணாக எழுதிக்கொண்டு போங்கள். கட்டணம் கொடுப்பது மதிப்பிடப்படும் நிறுவனமே என்பதால் அனலிஸ்ட் கட்டணப் பேச்சில் தலையிடக் கூடாது. இந்த ஒழுங்கைப் பாரமாக நினைக்காதீர்கள். உங்கள் கருத்துக்கு மதிப்பு இருப்பதே இதனால்தான்.

இங்கே பழக முடியாத ஒன்று, விலை. கடன் திரும்புமா என்று ரேட்டிங் சொல்லும். பத்திரம் மலிவா என்று சொல்லாது. நீங்கள் பார்க்கும் நிறுவனங்களின் பத்திர ஈல்டை (சந்தை விலையில் வாங்கினால் கிடைக்கும் வருமான விகிதம்) வாரம் ஒருமுறையாவது கவனித்து, சந்தை உங்களோடு எங்கே முரண்படுகிறது என்று குறித்துவையுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டில், ஒரு துறையை ஆழமாகப் பிடித்தபின், பத்திர ஃபண்ட், வங்கியின் கிரெடிட் பிரிவு, பிரைவேட் கிரெடிட் (வங்கிக்கு வெளியே நேரடியாகக் கடன் கொடுக்கும் ஃபண்டுகள்), நிறுவனங்களின் டிரஷரி (பணத்தையும் கடனையும் கவனிக்கும் பிரிவு) என்று கதவுகள் திறக்கும். நேர்காணலில் உங்கள் பெயரில் வெளியான அறிக்கையைத்தான் கிளறுவார்கள். அதற்குள் நின்றே பேசுங்கள். நிறுவனம் நம்பிக் கொடுத்த, வெளியாகாத எண் ஒன்றுகூட வாயில் வரக் கூடாது.