முதலில் டிசியைக் கையில் வாங்குங்கள்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று எனக்குப் போன் செய்பவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள். எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்த சிலபஸ் நல்லது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் கேட்பது வேறு. டிசி வாங்கிவிட்டீர்களா? பிள்ளையோட அப்பா முழுமனதோடு சம்மதித்தாரா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால்தான் மேற்கொண்டு பேசுவேன். புத்தகத்தை நாளைக்குக்கூட வாங்கிக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. அருகிலுள்ள பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-வது பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சும் இல்லை. எனக்குத் தைரியம் கொடுத்தது 4-வது பிரிவு. பள்ளியில் சேராத, இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒத்துவரவில்லையென்றால் திரும்பிப் போக வழி இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். தெருவிலுள்ள நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, பீஸ் வாங்கி, பெயர்ப்பலகை மாட்டிப் பள்ளி மாதிரி நடத்தாதீர்கள். அங்கீகாரமில்லாமல் பள்ளி நடத்தினால் 18-வது பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

டிசி வாங்கும்போதே எமிஸ் எண்ணையும், அதாவது பள்ளிக் கல்வித்துறைக் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள அடையாள எண்ணையும், எழுதி வாங்குங்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளுக்கு அந்தப் பதிவிலுள்ள பொதுப் பட்டியலான காமன் பூலுக்குப் பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல் ஒன்றுபோல இருக்கிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் பிள்ளைக்கு எட்டு வயதிலேயே முடித்துவிட வேண்டும், பதினான்கு வயதில் அலையக் கூடாது.

இனிப் படிப்பு. ஹாலில் கரும்பலகை மாட்டி, ஒன்பது மணிக்கு முதல் பீரியடு, பத்து மணிக்கு அடுத்தது என்று டைம்டேபிள் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குத்தான் அந்த ஏற்பாடு. ஒரே பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது, தொடக்க வகுப்பு வயதுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் தாராளம். கணக்கு தினமும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தவிர. தமிழில் சத்தமாக வாசிப்பதும் தினமும் வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் சரளமாக வாசித்து, தமிழில் எழுத்துக்கூட்டுவதைப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. சமச்சீர் பாடப்புத்தகங்கள் பிடிஎஃப் ஆகவே இலவசமாகக் கிடைக்கின்றன, என்சிஇஆர்டி புத்தகங்களும் அப்படியே. வீணாகும் பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யச் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் சைக்கிள் வால்வு டியூப், தீக்குச்சி வைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறை இருக்கிறது. முக்கோணத்தை அசைக்க முடியாது, சதுரம் கோணிக்கொள்ளும் என்று என் மகன் அதைக் கையால் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

சதவீதத்தை எங்கள் பிள்ளைகள் கற்றது மல்லிகைப்பூவில். நாங்கள் மதுரைக்காரர்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை சாதாரண நாளில் ஒன்று, முகூர்த்த நாளில் ஒன்று, பொங்கலுக்கு முன்தினம் வேறொன்று. என் மகள் கிராஃப் தாளில் வாராவாரம் அந்த விலையைக் குறித்துவந்தாள். பனிக்காலத்தில் கோடு செங்குத்தாக ஏறியதும், ஏன் என்று அவளே பூக்கடை அக்காவிடம் போய்க் கேட்டாள். “பனியில மொட்டு கட்டாதுடா, வரத்து கம்மி. அதுல முகூர்த்தமும் சேந்துக்குச்சு” என்றார் அவர். வரத்தும் தேவையும் விலையை எப்படி ஏற்றுகின்றன என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணா நகர் உழவர் சந்தையில் விலைப்பலகையைப் பார்த்துக் காய் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது சின்னவன் வேலை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999-ல் திறந்தது.

வரலாற்றுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. கீழடி அருங்காட்சியகத்தில் பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். அரிட்டாபட்டிக்குப் போனால் தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், மேலே வட்டமிடும் வல்லூறு எல்லாம் ஒரே மலையில். உங்கள் ஊரிலும் ஏதாவது இருக்கும், தேடுங்கள். எதுவும் இல்லையென்றாலும் கிளை நூலகம் இருக்கும். பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிவிடுங்கள்.

“மதினி, பிள்ளை நாலு பேரோட பழக வேணாமா?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. இதற்குத்தான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். பள்ளி விட்டுத் தெருப்பிள்ளைகள் வெளியே வரும் மாலை நேரத்தில் உங்கள் பிள்ளையும் தெருவில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பாடமும் வைக்காதீர்கள். சிலம்பமோ கபடியோ, வாரம் முழுக்க அதே பிள்ளைகளைப் பார்க்கும்படி ஒரு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். முழுப்பரீட்சை மாதத்தில் தெரு வெறிச்சோடிவிடும், பிள்ளை வாடிப்போகும். தாத்தா வீட்டுக்கு அனுப்ப அது நல்ல சமயம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். சமையலும் உங்கள் தலையில், பாடமும் உங்கள் தலையில் என்றால் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அறிவியலும் இரவுச் சாப்பாடும் என் கணவர் பொறுப்பு. ஒரு டீச்சர் மேலுள்ள கோபத்தில் மட்டும் எடுக்கிற முடிவென்றால், செக்‌ஷன் மாற்றியோ பள்ளி மாற்றியோ பாருங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம்.

பத்தாம் வகுப்புக்கு நாங்கள் எடுத்த வழி என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லையென்றால், படிக்கத் தகுதி இருக்கிறது என்று நாமே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி போதும். ஒரு மொழியாவது சேர்த்து ஐந்து பாடம். தமிழ் எடுக்கலாம், ஓவியம், மனையியல்கூட உண்டு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம்; பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. வீட்டில் எழுதி அனுப்பும் அசைன்மென்ட்டுக்கு 20 சதவீத மதிப்பெண் இருக்கிறது, அதை அலட்சியம் செய்யாதீர்கள். மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராக எழுத நினைப்பவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயதும் பத்தாம் வகுப்புக்கு 14½ வயதும் ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே தனியாகப் பதிய வேண்டும். அந்த அறிவிப்பு செய்தித்தாளின் ஒரு மூலையில் சின்னதாக வந்து போய்விடும், பார்த்துக்கொண்டே இருங்கள்.